லோரித் தலையில் தம்பி சொன்ன கதை

இந்த நினைவு மலரை அச்சிடுபவர் என்னிடம் ஒரு மாதிரிக் கட்டுரையைக் கொடுத்தார். பெயர், ஊர், தொழில், பிள்ளைகள் ஆகிய இடங்கள் மட்டும் காலியாக இருந்தன. நிரப்பினால் போதும், எந்தக் குடும்பத்துக்கும் பொருந்தும் என்றார். "செத்துட்டா எல்லாரும் நல்லவங்கதானே அங்கிள்" என்றும் சொன்னார். முப்பத்து மூன்று ஆண்டுகள் நில அலுவலகத்தில் படிவங்களோடு வாழ்ந்தவன் நான். ஒரு படிவத்தை நிரப்பாமல் திருப்பிக் கொடுத்தது அன்றுதான்.

இருந்தாலும் சில முறைகளைப் பின்பற்றுகிறேன். தம்பியின் பெயரும் நாள்களும் அட்டையில் உள்ளன. உள்ளே அவர் தம்பி மட்டுமே. வாழ்நாளில் ஒருமுறைகூட நான் அவரை 'அவர்' என்று சொன்னதில்லை. மலர் என்று வந்துவிட்டால் 'அவர்'தான். ஓராண்டு திவசத்துக்கு வந்திருக்கும் உறவினர்களும் நண்பர்களும் சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் இதைப் படித்தால் போதும். அவசரமில்லை.

தம்பி போர்ட் கிள்ளானில், துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்தார். அப்பா கப்பலில் மூட்டை இறக்கியவர். நான் மருத்துவமனையில் பிறந்தேன், அதனால் மறுவாரமே என் பிறப்புப் பத்திரம் கிடைத்தது. தம்பி வீட்டிலேயே பிறந்தார். அன்று காலை அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மா ஆறு வயதான என்னை அனுப்பி மருத்துவச்சி அம்மாளை அழைத்துவரச் சொன்னார். அவர் வீடு இரண்டு வரிசை தள்ளி இருந்தது. நாங்கள் இருவரும் வந்து சேர்ந்தபோது தம்பி ஏற்கெனவே பிறந்து அழுதுகொண்டிருந்தார். மருத்துவச்சி அம்மாள் தொப்புள்கொடியை அறுத்தார், குளிப்பாட்டினார், துணியில் சுற்றி அம்மாவிடம் கொடுத்தார். பிறப்பைப் பதிய வேண்டும் என்று யாரோ அப்பாவிடம் சொன்னார்கள். அப்பா அடுத்த விடுமுறையில் போகலாம் என்றார். அவருக்கு விடுமுறை இல்லை.

தம்பிக்கு ஒன்பது வயதானபோது அம்மா இறந்தார். பன்னிரண்டு வயதில் அடையாள அட்டை எடுக்க வேண்டும். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைக்கு, பிறந்தபோது உடனிருந்த ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும் என்றார்கள். மருத்துவச்சி அம்மாள் உடனே ஒப்புக்கொண்டார். நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தார். அலுவலகத்துக்கு நாங்கள் நால்வர் போனோம்: அப்பா, மருத்துவச்சி அம்மாள், தம்பி, மொழிபெயர்க்க நான். எனக்குப் பதினெட்டு வயது. பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்து, மலாயில் நல்ல தேர்ச்சி பெற்று, உலகத்தில் உள்ள எல்லா விதிகளும் எனக்குத் தெரியும் என்ற நிலையில் இருந்தேன்.

அதிகாரி நல்லவர். அப்பாவை உட்காரச் சொன்னார். மருத்துவச்சி அம்மாளைப் பார்த்து, இந்தப் பிள்ளை பிறந்தபோது நீங்கள் அங்கே இருந்தீர்களா என்று மலாயில் கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"இருந்தேன் சாமி. இந்தக் கையாலதான் வாங்குனேன்" என்றார் அவர்.

நான் அதிகாரியிடம், "குழந்தை பிறந்த பிறகுதான் இவர் வந்தார்" என்று சொன்னேன்.

அது உண்மை. ஓடிப்போய் அழைத்துவந்தவனே நான்தான். படிவத்தில் 'பிறந்தபோது' என்று இருந்தது, 'பிறந்த பிறகு' என்று இல்லை. பொய்ச் சாட்சி குற்றம் என்று அதே படிவத்தின் கீழே அச்சிட்டிருந்தார்கள், அதையும் படித்திருந்தேன். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். அப்படியானால் வேறு சாட்சி கொண்டுவாருங்கள் என்றார். அப்பாவுக்கும் மருத்துவச்சி அம்மாளுக்கும் கடையில் மீன் வாங்கும் அளவுக்குத்தான் மலாய் வரும். என்ன நடந்தது என்று அவர்களுக்கு விளங்கவில்லை. "இது போதாதாம், இன்னொருத்தர் வேணுமாம்" என்று நான் சொன்னேன். திரும்பும் வழியில் அப்பா எங்கள் எல்லோருக்கும் ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தார். மருத்துவச்சி அம்மாள் இரண்டு சாப்பிட்டார்.

இன்னொருவர் கிடைக்கவில்லை. பிறந்தபோது உடனிருந்தவர் அம்மா ஒருவர்தான், அவர் இல்லை. அடுத்த ஆண்டு மருத்துவச்சி அம்மாளும் காலமானார். தம்பிக்குச் சிவப்பு அடையாள அட்டை கொடுத்தார்கள். சிவப்பு என்றால் நிரந்தரக் குடியிருப்பாளர், குடிமகன் இல்லை. பிறந்த வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் கடைசிவரை வாழ்ந்த ஒருவரை அரசாங்கம் இங்கே தங்க அனுமதித்தது.

தம்பியின் பிற்கால வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லலாம். அவருக்குத் தீயணைப்புப் படையில், அதாவது பொம்பாவில், சேர ஆசை. கயிறு ஏறுவதில் குடியிருப்பில் அவரை மிஞ்ச ஆளில்லை. விண்ணப்பத்தின் முதல் கேள்வியே குடியுரிமை பற்றியது. இரண்டாம் கேள்விக்கு அவர் போகவில்லை. லோரி உதவியாளராகச் சேர்ந்தார், பிறகு ஓட்டுநரானார். முப்பது ஆண்டுகளுக்கும் மேல் துறைமுகத்துக்கும் கிடங்குகளுக்கும் இடையே கொள்கலன் இழுத்தார். திருமணத்தைப் பதிய மற்றவர்கள் இரண்டு முறை போனால் அவர் ஆறு முறை போனார். தேர்தல் நாளில் லீவு எடுத்துக்கொண்டு, குடியிருப்பின் வயதானவர்களை வேனில் ஏற்றி வாக்குச் சாவடியில் இறக்கிவிடுவார். எல்லோரும் விரலில் மையோடு திரும்பும்வரை வெளியே நின்று தேத்தண்ணி குடிப்பார்.

"ஒங்களுக்கு வருத்தமா இல்லையாண்ணே?" என்று ஒருமுறை வேனில் இருந்த ஒருவர் கேட்டார்.

"என்னா வருத்தம்? எந்தக் கட்சிக்காரனும் என் வீட்டுக் கதவத் தட்டமாட்டான். நீங்கள்லாம் கொடுத்து வைக்கல" என்றார் தம்பி.

நான்கு முறை குடியுரிமைக்கு விண்ணப்பித்தார். நான்கையும் நான்தான் நிரப்பினேன். கறுப்பு மையில், பெரிய எழுத்தில், இணைப்புகளுக்கு வரிசை எண் போட்டு. என் விண்ணப்பங்களில் குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்ப முடியாது. யாரும் திருப்பி அனுப்பவுமில்லை. முதல் மூன்றுக்கு வருத்தம் தெரிவித்துக் கடிதம் வந்தது. நான்காவது பரிசீலனையில் இருந்தது.

அந்த அலுவலகத்தில் நடந்ததில் தம்பிக்கு எவ்வளவு தெரியும் என்பது எனக்குத் தெரியாமல் இருந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

இனி யாழினி. தம்பிக்குத் தாமதமாகப் பிறந்த ஒரே மகள். இப்போது பதினேழு வயது. தாய் குடிமகள் என்பதால் யாழினிக்கு நீல அட்டை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவளும் பள்ளித் தோழி ஷாமினியும் பாட்காஸ்ட் ஒன்றைத் தொடங்கினார்கள். தெரியாத பெரியவர்களுக்காகச் சொல்கிறேன்: அது வானொலி போன்றது, கைப்பேசியில் வேண்டும்போது கேட்கலாம். அதை நடத்த உரிமம் தேவையில்லை. உரிமம் தேவையில்லாத ஒன்று இந்த நாட்டில் இருக்கிறது என்பதே எனக்குச் செய்தி.

அவர்கள் வயதுப் பிள்ளைகள் தங்கள் வீட்டுக் கதையை அதில் சொல்வார்கள். பாட்டு கிடையாது, விளம்பரம் கிடையாது. தொழிற்சாலையில் அம்மாவுக்கு இரவு ஷிப்ட், அப்பாவுக்குப் பகல் ஷிப்ட் என்பதால் இருவரும் ஐஸ்பெட்டிக் கதவில் சீட்டு ஒட்டிப் பேசிக்கொள்வதை ஒருத்தி சொன்னாள். திக்கித் திக்கிப் பேசும் ஒரு பையன், வகுப்பில் வருகைப் பதிவின்போது தன் பெயருக்கு 'யெஸ்' சொல்வதற்குள் ஆசிரியர் அடுத்த பெயருக்குப் போய்விடுவதைச் சொன்னான். அவன் சொல்லி முடிக்க ஆன நேரம் முழுவதையும் வெட்டாமல் போட்டார்கள்.

பதிவு செய்ய அமைதியான இடம் வேண்டும். தம்பியின் அடுக்குமாடி வீட்டுக்குப் பின்னால் ரயில், முன்னால் கோயில் ஒலிபெருக்கி, மேலே நாற்காலி இழுக்கும் ஒரு குடும்பம். தம்பிதான் வழி கண்டுபிடித்தார். கொள்கலனை இழுக்கும் லோரியின் முன்பகுதியை ஓட்டுநர்கள் 'தலை' என்பார்கள். கண்ணாடியை ஏற்றிக் கதவைச் சாத்தினால் தலைக்குள் ஒரு சத்தமும் வராது. ஞாயிற்றுக்கிழமை மதியம் லோரிகள் நிற்கும் திடலுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போவார். இன்ஜினை நிறுத்த வேண்டும், அதனால் குளிர்சாதனம் கிடையாது. முன்பலகையில் கம்பளியை விரித்து, அதன்மேல் மைக்கை வைத்து, மூன்று பேர் வேர்த்து ஒழுக ஒழுகப் பேசுவார்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தம்பி வெளியிலிருந்து கதவைத் திறந்து காற்று விடுவார். மற்ற நேரத்தில் கீழே ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் காவல் இருப்பார்.

"என்னா பாஸ், தலைக்குள்ள என்னா நடக்குது?" என்று வருகிற ஓட்டுநர்கள் கேட்பார்கள்.

"ரேடியோ ஸ்டேஷன்லா. இந்தப் பக்கம் வந்து ஹோன் அடிச்சே, ஒன் மானம் உலகம் பூரா போயிடும்."

பாட்காஸ்டுக்கு யாழினி வைத்த பெயரே 'லோரித் தலை'தான்.

பிள்ளைகளிடம் ஒரு விதி இருந்தது. அது வெளியிலிருந்து வந்ததில்லை, அவர்களே போட்டது. தொடக்கத்தில் ஒரு பெண், தன் அம்மாவின் முதல் திருமணத்தைப் பற்றிச் சொன்னாள். அம்மாவிடம் கேட்கவில்லை. அது வெளிவந்த நாளில் அந்த வீட்டில் பெரிய சண்டை. அந்தப் பெண் ஒரு வாரம் பெரியம்மா வீட்டில் தங்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு, கதையில் பெயர் வருகிற உயிரோடு உள்ள எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகே வெளியிடுவது என்று முடிவு செய்தார்கள். பதினைந்து வயதில் இப்படி ஒரு விதியைத் தாங்களே எழுதியவர்களை நான் பாராட்டியிருக்க வேண்டும். அதைப் பயன்படுத்திக்கொண்டேன்.

போன ஆண்டு தொடக்கத்தில் தம்பி என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

"அண்ணே, புள்ள என் ஐசி கதைய, அந்தச் செவப்பு கார்டு கதையக் கேட்டுச்சு. எல்லாத்தையும் சொல்லிட்டேன். தலைக்குள்ளயே ஒக்காந்து, என்னையே ரெக்கார்ட் பண்ணிடுச்சுங்க. ஒங்க பேரும் வருது. வந்து கேப்பா, ஒரு கையெழுத்துப் போட்டு விட்ருங்க."

"என்னா சொன்னே?"

"கேளுங்களேன், தெரியும்" என்று சிரித்தார்.

அடுத்த சனிக்கிழமை யாழினியும் ஷாமினியும் கிள்ளானிலிருந்து ரயில் பிடித்து, பிரிக்பீல்ட்ஸில் உள்ள என் வீட்டுக்கு வந்தார்கள். யாழினி கைப்பேசியையும் காதில் மாட்டுவதையும் மேசைமேல் வைத்தாள். "பதினோரு நிமிஷம்தான் பெரியப்பா. கேட்டுட்டு சைன் பண்ணுங்க."

நான் கேட்கவில்லை. அவர்களுடைய ஒப்புதல் தாளை எடுத்து, சிவப்பு மையில் திருத்தினேன். அதில் தேதிக்கு இடமில்லை. கையெழுத்திடுபவரின் அடையாள அட்டை எண்ணுக்கு இடமில்லை. பேசியவர் பெரியவர், பதிவு செய்தவர்கள் வயது குறைந்தவர்கள், ஆகவே பாதுகாவலர் ஒப்புதல் வேண்டும். இப்படி ஏழு குறைகள். எல்லாவற்றையும் சரிசெய்துகொண்டு வாருங்கள் என்றேன்.

"அங்கிள், எங்க ஹெட்மாஸ்டரே இவ்ளோ கேக்கமாட்டாரு" என்றாள் ஷாமினி.

"அதனாலதான் அவரு ஹெட்மாஸ்டர்" என்றேன்.

மூன்று வாரத்தில் ஏழு குறைகளையும் சரிசெய்துகொண்டு வந்தாள் யாழினி. நான் எட்டாவதாக, இறந்துபோன மருத்துவச்சி அம்மாளின் பெயர் வருமானால் அவர் வாரிசின் ஒப்புதல் வேண்டும் என்றேன். அவர் மகன் பூச்சோங்கில் இருப்பதைக் கண்டுபிடித்து, அவரிடமும் கையெழுத்து வாங்கிவந்தாள். நான் ஒன்பதாவதாக, எழுத்து வடிவம் வேண்டும் என்றேன். தட்டச்சு செய்து கொண்டுவந்தாள். உறையைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்தேன். ஒவ்வொரு முறையும் போகும்போது, "ஒரு தடவ கேளுங்களேன் பெரியப்பா, ஒண்ணுமே இல்ல அதுல" என்பாள். பேப்பர் முதலில் சரியாகட்டும் என்பேன். என் பணிக்காலத்தில் கோப்பைத் திறக்காமல் ஒரு விண்ணப்பத்தையும் நிறுத்திவைத்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு செய்தேன்.

தம்பி நடுவில் இரண்டு முறை கேட்டார். லோரி திடலில் நண்பர்களிடம் சொல்லிவைத்துவிட்டாராம், எப்போது வருகிறது என்று எல்லோரும் கேட்கிறார்களாம்.

"என்னாண்ணே ஆச்சு நம்ம கேஸ்?"

"பரிசீலனையில இருக்கு" என்றேன்.

தம்பி சிரித்தார். "சரி சரி. எனக்கு அது பழக்கம்தானே."

அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மேல், துறைமுக வாசலில் லோரிகள் வரிசையில் நின்றன. தம்பியின் லோரி மூன்றாவது. முன்னால் இருந்த இரண்டும் உள்ளே போய்விட்டன, அவருடையது நகரவில்லை. பின்னால் இருந்தவர்கள் ஹோன் அடித்தார்கள். பிறகு ஒருவர் இறங்கிப்போய்க் கதவைத் திறந்தார். மாரடைப்பு. லோரியின் ஹேண்ட்பிரேக் சரியாக இழுத்துவிடப்பட்டிருந்தது என்று சொன்னார்கள்.

அன்று முதல் பதினாறாம் நாள்வரை செய்ய வேண்டியவற்றைச் செய்தேன். எனக்கு அவை தெரியும். மருத்துவமனையில் எந்தத் தாள், காவல் நிலையத்தில் எந்தத் தாள், தகனத்துக்கு எந்தத் தாள், எதற்கு எத்தனை நகல் எல்லாம் தெரியும். குடும்பத்தில் யாரும் எதற்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. இரங்கல் சொல்ல வந்த பலர் அதற்காக என்னைப் பாராட்டினார்கள். அழுததாக நினைவில்லை. இறப்பைப் பதியும்போது இறந்தவரின் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். பதிவு அலுவலகப் பெண் அதை ஒரு தட்டில் போட்டார். தட்டில் இருந்தவற்றில் அது ஒன்றுதான் சிவப்பு. பிறகு நான்காவது குடியுரிமை விண்ணப்பத்தை மீட்டுக்கொண்டு ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது. விண்ணப்பதாரர் காலமாகிவிட்டபடியால் மேற்கண்ட விண்ணப்பத்தை இத்துடன் மீட்டுக்கொள்கிறோம். இரண்டே வரி. அதை எழுத எனக்கு ஒரு பகல் ஆயிற்று. காரணம் தெரியவில்லை, வாசகத்தில் சிக்கல் ஒன்றும் இல்லை.

அந்தக் கடிதத்துக்கான நகல்களைத் தேடி, மூன்றாம் மாதம் தம்பி வீட்டுக்குப் போனேன். தம்பி மனைவி ஒரு நீலக் கோப்பை எடுத்துக் கொடுத்தார். அது வேறு கோப்பு. உள்ளே என்னுடைய ஒன்பது குறைகளும் யாழினியின் கையெழுத்தில் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றின் பக்கத்திலும் சரி போட்டிருந்தது. அதன் கீழே எல்லோருடைய கையெழுத்துகளும். ஒரு கட்டம் காலி.

யாழினி சமையலறையிலிருந்து வந்தாள். கோப்பு என் கையில் இருப்பதைப் பார்த்தாள்.

"அது இப்ப வேணாம் பெரியப்பா."

"ஏம்மா?"

"அப்பாவுக்குத்தான் அது வெளிய வரணும்னு இருந்துச்சு. யார்ட்ல இருக்குற லோரிக்காரங்க எல்லாரும் ஒண்ணா ஒக்காந்து கேக்கணும்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. இப்ப யாருக்கு?"

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம். நான் உட்கார்ந்து, போடச் சொன்னேன்.

பதினொரு நிமிடம். முதலில் கண்ணாடி ஏற்றும் சத்தம். பிறகு தம்பி, "நான் பேசலாமா? பச்ச லைட்டு எரியுதா?" என்று கேட்கிறார். குடியிருப்பு, அம்மா, கப்பல், பொம்பா, எல்லாம் சொல்கிறார். தேர்தல் நாள் வேன் கதையைச் சொல்லும்போது பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அடையாள அட்டை எடுக்கப் போனதைப் பற்றி யாழினி கேட்கிறாள். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"எங்க அண்ணந்தான்மா எல்லா ஃபாரமும் எழுதுனாரு. பதினெட்டு வயசுதான் அவருக்கு. எங்களுக்காக ரொம்ப அலைஞ்சாரு. சாட்சிக்கு அந்த மருத்துவச்சி அம்மா வரேன்னு சொல்லிருந்தாங்க. அன்னிக்குன்னு பாத்து அவங்களுக்கு ஒடம்பு முடியல. வர முடியல. அவ்ளோதான். யார் மேலயும் தப்பு இல்ல. நேரம்."

அவ்வளவே. என் பெயர் வந்த இடம் அது ஒன்றுதான். மறுபடியும் போடச் சொன்னேன். பிழை ஏதாவது என் காதில் தவறியிருக்கிறதா என்று பார்க்க. மூன்றாம் முறை யாழினி கேட்காமலே போட்டாள்.

மருத்துவச்சி அம்மாள் அன்று வந்தார். நல்ல சேலையில் வந்தார். என்ன நடந்தது என்று தெரியாத ஒருவர், சாட்சியை ஏற்கவில்லை என்று சொல்லியிருப்பார். அவர் வரவே இல்லை என்று சொல்ல, என்ன நடந்தது என்று நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

"சைன் பண்ணட்டுமா?" என்றேன்.

"பண்ணுங்க."

"பண்ணமாட்டேன். இதுல ஒரு தப்பு இருக்கு. நான் பேசணும்."

நன்றியுரை கடைசியில் வருவது வழக்கம். இதற்குப் பிறகு நான் எழுதப்போவது நன்றியோடு சேராது என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். லோரிக் கதவைத் திறந்து, தம்பியைக் கீழே இறக்கி, மருத்துவ ஊர்தி வரும்வரை நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த, பின்னால் நின்ற லோரியின் ஓட்டுநருக்கு நன்றி. அவர் பெயரைக் கேட்டேன். எழுத வேண்டாம் என்றார். அன்று தங்கள் வண்டிகளை வரிசையிலிருந்து விலக்கி வழிவிட்டவர்களுக்கு நன்றி. வாக்குச் சாவடிக்குத் தம்பி ஏற்றிப்போன பெரியவர்கள் பதினொரு பேர் இறுதிச் சடங்குக்கு ஒரே வேனில் வந்தார்கள், அவர்களுக்கு நன்றி. பதினாறு நாளும் அந்த வீட்டில் அடுப்புப் பற்றவைக்க விடாத பக்கத்து வீட்டு அக்காவுக்கு நன்றி. மேல் மாடிக் குடும்பம் பதினாறு நாளும் நாற்காலியை இழுக்கவில்லை. அவர்களுக்கும் நன்றி. என் தலையீட்டையெல்லாம் பொறுத்துக்கொண்டு, வேண்டிய இடங்களில் கையெழுத்துப் போட்ட தம்பி மனைவிக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு மதியம் லோரித் திடலுக்குப் போனேன். தம்பி ஓட்டிய லோரியை இப்போது ஒரு மலாய் இளைஞர் ஓட்டுகிறார். சாவியைக் கொடுத்துவிட்டு, தானே முக்காலியை எடுத்துப் போட்டுக் காவலுக்கு உட்கார்ந்தார். அவரிடம் யாரும் அப்படிச் சொன்னதாகத் தெரியவில்லை. தலைக்குள் ஏறுவது என் வயதில் எளிதில்லை. ஷாமினி மேலிருந்து கையைப் பிடித்து இழுத்தாள். யாழினி கம்பளியைச் சரிசெய்து மைக்கை என் பக்கம் திருப்பினாள்.

"மெதுவா பேசுங்க பெரியப்பா. கூட்டத்துல பேசுற மாதிரி வேணாம்."

நான் எழுதிக்கொண்டு போயிருந்தேன். மூன்று பக்கம், பத்தி எண்களோடு. யாழினி அதை வாங்கி, மடித்து, கதவுப் பையில் வைத்துவிட்டாள். ஆகவே வாயால் சொன்னேன். அதிகாரி கேட்டதை, மருத்துவச்சி அம்மாள் சொன்னதை, நான் சொன்னதை. நல்ல சேலையை. ரொட்டி சானாயை. இரண்டு முறை நிறுத்த வேண்டியிருந்தது. ஒருமுறை வெளியே லோரி போனதால், இன்னொரு முறை அப்படி ஒன்றும் இல்லை. மலாய் இளைஞர் பத்து நிமிடத்தில் கதவைத் திறந்து காற்று விட்டார்.

என் பகுதிக்கும் எல்லோருடைய கையெழுத்தும் வாங்கி முடிந்து, அது போன மாதம்தான் வெளிவந்தது. தம்பி சொன்னதை முதலிலும் நான் சொன்னதை அதன் பின்னாலும் வைத்திருக்கிறார்கள். அவர் சொன்ன பகுதியை நீக்கிவிடலாம், அது தவறான தகவல் என்று நான் எழுத்துமூலம் கேட்டுக்கொண்டேன். யாழினி ஒப்புக்கொள்ளவில்லை. அவர்கள் விதிப்படி பேசியவர் சம்மதம் இல்லாமல் ஒரு சொல்லையும் வெட்டக்கூடாதாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை திடலில் ஓட்டுநர்கள் கூடி, லோரி ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்டார்கள். நான் போகவில்லை. உறவினர்களில் சிலர் அதைக் கேட்ட பிறகு என்னோடு பேசுவதில்லை. அவர்கள் இன்று வந்திருக்கிறார்கள், அவர்களுக்கும் ஒரு பிரதி கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

பதிவின் கடைசியில் இருப்பதைக் கேட்காதவர்களுக்காக எழுதிவிடுகிறேன். நான் பேசி முடித்தேன். ஷாமினி கண்ணாடியை இறக்கப் போனாள், யாழினி வேண்டாம் என்று கையைக் காட்டினாள். என்னைப் பார்க்காமல், மைக்கைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்பா சின்னப் புள்ளதானே அப்ப. அவருக்கு மறந்துபோயிருக்கும், இல்ல பெரியப்பா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவளும் விட்டிருப்பாள்.

"இல்லம்மா. பக்கத்துலதான் ஒக்காந்திருந்தான். அவன் ஸ்கூல்ல மலாய்ல அவந்தான் ஃபர்ஸ்ட்டு."